எண்ணும் அதன் அகலமும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் மழை, காய்ச்சல், கிணறு, கடன், குடிசனம் என்று பலவற்றைத் தொட்டிருந்தாலும், அவற்றில் கேட்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒன்றே: கையிலுள்ள தரவு குறைவாகவோ குறையுள்ளதாகவோ இருக்கும்போது, அதை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் தாளில் செய்துபார்க்கக்கூடியவை. வாசகர்கள் பேனையை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

விவசாயி ஒருவர், கோப்பாய்

*கேள்வி: ஐயா, பிடுங்கிய வெங்காயத்தைத் தோட்டத்தில் காயப் போட்டிருந்த நாளில், கைபேசி வானிலைச் செயலி மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று காட்டியது. 70 சதவீதம் பெய்யாது என்றுதானே பொருள் என்று விட்டுவிட்டேன். மழை பெய்துவிட்டது. இப்படிப் பிழையாகச் சொல்கிறவற்றை எதற்காகப் பார்க்க வேண்டும்?*

பதில்: உங்கள் வெங்காயம் நனைந்தது வருத்தத்துக்குரியது. ஆயினும், 30 சதவீதம் என்று சொன்ன ஒரு நாளில் மழை பெய்ததை வைத்து அந்த எதிர்வுகூறல் பிழை என்று முடிவுசெய்ய இயலாது. 30 சதவீதம் என்று சொல்லப்பட்ட நாள்களை மட்டும் ஓராண்டு முழுவதும் தனியே குறித்துவாருங்கள். அவற்றில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள் மழை பெய்திருந்தால் அந்தச் செயலி உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. பத்துக்கு ஆறு நாள்கள் பெய்திருந்தால் அது நம்பத்தகாதது. ஒரே நாளை வைத்து எந்த நிகழ்தகவையும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாது. 0, 100 ஆகிய இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு.

மழை வாய்ப்பை இவ்வாறு எண்ணாகச் சொல்லும் வழக்கத்தை ஐக்கிய அமெரிக்காவின் வானிலைச் சேவை 1960களின் நடுப்பகுதியில் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அங்கே ‘மழை’ என்பது, குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தில் குறைந்தது ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு பெய்வதைக் குறிக்கும். ஆகவே அந்த எண் மழையின் அளவைப் பற்றியோ எவ்வளவு நேரம் பெய்யும் என்பதைப் பற்றியோ எதுவும் கூறுவதில்லை. மாரியில் கோப்பாயில் கொட்டும் மழை பருத்தித்துறையில் தூறலாகக்கூட இல்லாமற் போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எந்த இடத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பதால் பயன் குறைவு.

உங்கள் கேள்வியில் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. 50 சதவீதத்துக்குக் குறைவு என்றால் ‘பெய்யாது’ என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதே அது. எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பேச்சுக்கு, படங்கு விரித்து மூடுவதற்குக் கூலியோடு 4,000 ரூபா செலவு என்றும், நனைந்தால் 40,000 ரூபா நட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். மழைக்கான நிகழ்தகவை 40,000 ஆல் பெருக்கினால் மூடாமல் விடுவதால் எதிர்பார்க்கத்தக்க நட்டம் கிடைக்கும். அது 4,000 ஐத் தாண்டுவது நிகழ்தகவு பத்திலொன்றைத் தாண்டும்போது. ஆகவே 10 சதவீதத்துக்கு மேல் என்றாலே உங்களுக்கு மூடுவது இலாபம். 30 சதவீதம் என்பது மூடு என்பதற்கான தெளிவான அறிவிப்பு. அதே நாளில் சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற ஒருவர் அதே 30 சதவீதத்தைப் பார்த்துவிட்டுக் குடை எடுக்காமல் போகலாம். அவரும் பிழை செய்யவில்லை. நிகழ்தகவு எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் எந்த எண்ணில் செயற்பட வேண்டும் என்பதை அவரவர் நட்டமே தீர்மானிக்கும்.

சனசமூக நிலையச் செயலாளர், தென்மராட்சி

*கேள்வி: எங்கள் கிராமத்தில் சென்ற ஆண்டு 2 பேருக்கு டெங்கு வந்தது, இவ்வாண்டு 6 பேருக்கு. ‘மூன்று மடங்காகிவிட்டது’ என்று கூட்டத்தில் எங்களைக் குறை கூறினார்கள். அயற்கிராமத்தில் 5 ஆக இருந்தது 1 ஆகியதால் அவர்களைப் பாராட்டினார்கள். நாங்கள் அவர்களைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. இதற்கு என்ன சொல்வது?*

பதில்: உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறிய எண்களைப் பெரிய வார்த்தைகளில் சொல்லும் பழக்கத்தால் நியாயமற்ற பழியும் நியாயமற்ற புகழும் நம் ஊர்களில் பங்கிடப்படுவதை நான் தொடர்ந்து காண்கிறேன்.

முதலில் ஒன்றைக் கற்பனை செய்வோம். உங்கள் கிராமத்தில் இரண்டு ஆண்டுகளிலும் நோய் வரும் ஆபத்து சற்றும் மாறவில்லை. மொத்தம் 8 பேருக்கு நோய் வந்தது. ஒவ்வொருவருக்கும் அது சென்ற ஆண்டில் வந்திருக்கவும் இவ்வாண்டில் வந்திருக்கவும் சம வாய்ப்பு. அப்படியானால் 8 நாணயங்களைச் சுண்டுவதும் இதுவும் ஒரே கணக்கு. எட்டு நாணயங்கள் விழக்கூடிய வழிகள் 256. அவற்றுள் ஆறு தலைகள் வருவது 28 வழிகளில், ஏழு வருவது 8 வழிகளில், எட்டும் வருவது 1 வழியில், கூட்டினால் 37. அதாவது, எதுவுமே மாறாத ஒரு கிராமத்திலும் ‘இவ்வாண்டு 6 அல்லது அதற்கு மேல்’ என்று வருவதற்கான வாய்ப்பு 256 இல் 37, ஏறத்தாழ ஏழில் ஒன்று. கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, இவ்வளவு பெரிய வேறுபாடு தோன்றுவதற்கான வாய்ப்பு 256 இல் 74. அது நூற்றுக்கு 29. அயற்கிராமத்தின் 5, 1 ஆகிய எண்களுக்கு இதே கணக்கைச் செய்தால் 64 இல் 14, அதாவது நூற்றுக்கு 22 என்று வரும். உங்களைக் குறை கூறவும் அவர்களைப் பாராட்டவும் இந்த எண்கள் போதாது.

யாழ். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. எல்லாப் பிரிவுகளிலும் உங்களுடையதைப் போல இரண்டு ஆண்டுகளில் எட்டெட்டுப் பேருக்கு நோய் வந்ததென்றும், எங்கும் ஆபத்து மாறவில்லை என்றும் வைத்தால்கூட, ஏறத்தாழ 63 பிரிவுகளில் நோய் ‘மூன்று மடங்கோ அதற்கு மேலோ’ ஆகியிருக்கும். அதேயளவு பிரிவுகளில் ‘மூன்றில் ஒன்றாகவோ அதற்குக் கீழாகவோ’ குறைந்திருக்கும். பட்டியலின் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் எப்போதும் சிறிய ஊர்களே நிற்பதற்கு இதுவே காரணம். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வீதமாக்கினாலும் இந்தக் குறை நீங்காது. சனத்தொகை சிறியதாக இருக்கும்வரை வீதமும் ஆடிக்கொண்டேயிருக்கும்.

எவ்வளவு ஆடும் என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. தனித்தனியே, ஒன்றையொன்று சாராமல் நிகழ்பவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அதன் நியம விலகலுக்கு, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக ஆடும் அளவுக்கு, அண்ணளவாகும். உயர்தரத்தில் புவசோன் பரம்பல் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சராசரி 4 என்றால் ஆட்டம் 2, அதாவது எண்ணின் பாதி. இலங்கை முழுவதிலும் 2017 ஆம் ஆண்டில் பதிவான டெங்கு நோயாளர் தொகை 186,101. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 431, அது எண்ணின் கால் சதவீதத்துக்கும் குறைவு. எனவே நாட்டின் எண்ணில் தற்செயலின் பங்கு மிகச் சிறிது. அங்கே நிச்சயமின்மை வேறு வாசலால் வருகிறது: காய்ச்சல் வந்த எல்லோரும் மருத்துவரிடம் போவதில்லை, போன எல்லோருக்கும் பரிசோதனை செய்யப்படுவதில்லை, செய்யப்பட்ட எல்லாம் பதிவாவதில்லை. சிறிய எண்ணுக்குத் தற்செயலும் பெரிய எண்ணுக்குப் பதிவுமுறையும் முதன்மையான ஐயங்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே நான் செய்த கணக்கில் ஒரு தளர்வு இருப்பதையும் சொல்லவேண்டும். நோயாளர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். டெங்கு அப்படிப்பட்டதன்று. ஈடிஸ் நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றர்களுக்கு அப்பால் பறப்பதில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அந்த வீட்டிலும் அடுத்த வளவிலும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். உங்களுடைய ஆறு பேரும் இரண்டே குடும்பத்தவர்களாக இருந்தால், அது ஆறு தனி நிகழ்வுகளாக அன்றி இரண்டு நிகழ்வுகளாகவே கணக்கில் எடுபடும். ஆகவே உண்மையான ஆட்டம் நான் காட்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பழிக்கான ஆதாரம் மேலும் மெலிகிறது.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகளின் எண்களை மாதவாரியாகக் கொண்டுபோங்கள்; அயலிலுள்ள நான்கைந்து பிரிவுகளைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்; நோயாளர்கள் எத்தனை வீட்டினர் என்றும் எழுதுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இவற்றைக் கேட்டறியலாம். ஆனால் எண்கள் தெளிவாகும்வரை துப்புரவு வேலையை நிறுத்திவைக்கக் கூடாது. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை ஆகும். வாரத்துக்கு ஒருமுறை சிரட்டையையும் பழைய ரயரையும் பூச்சாடித் தட்டையும் கவிழ்ப்பதற்குச் செலவு மிகக் குறைவு, தவறவிட்டால் நட்டம் ஓர் உயிர். கோப்பாய் விவசாயிக்குச் சொன்ன படங்குக் கணக்கு இங்கும் பொருந்தும்.

உயர்தர மாணவி, சாவகச்சேரி

*கேள்வி: நிபந்தனை நிகழ்தகவுப் பாடத்தில் பேய்ஸ் தேற்றத்தைச் சூத்திரமாகப் பாடமாக்கியிருக்கிறேன். ஆனால் ‘90 சதவீதம் சரியான பரிசோதனை’ நோய் உண்டு என்று காட்டினால் நோய் இருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதம் இல்லை என்பது மனத்தில் ஏறவில்லை.*

பதில்: தங்கையே, சூத்திரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். டெங்கை விரைவாக அறியும் பரிசோதனை ஒன்று, நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தினரைத் தவறாக நோயாளர் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை.

கோடையில், காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 20 பேருக்கே டெங்கு என்போம். அவர்களில் 18 பேரைப் பரிசோதனை பிடிக்கும். மிகுதி 980 பேரில் 49 பேர் தவறாக அகப்படுவர். நோய் உண்டு என்று காட்டப்பட்ட 67 பேரில் உண்மை நோயாளர் 18 பேர். அது 27 சதவீதம். இனி மார்கழி, தை மாதங்களுக்கு வாருங்கள். மாரி மழைக்குப் பின் 1,000 பேரில் 300 பேருக்கு டெங்கு என்றால், 270 பேர் சரியாகவும் 35 பேர் தவறாகவும் அகப்படுவர். 305 இல் 270 என்பது ஏறத்தாழ 89 சதவீதம். பரிசோதனை அதே பரிசோதனை, தாளில் எழுதப்படும் விடையும் ஒன்றே. ஆனால் அது எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. பரிசோதனைக்கு முன்பு நமக்கு இருந்த அறிவை விடையோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தேற்றம் சொல்வது.

எதிர்மறை விடையையும் எண்ணிப் பாருங்கள். மார்கழியில் நோயிருந்தும் தப்பிய 30 பேரும், நோயில்லாத 665 பேரும் ‘இல்லை’ என்ற விடையைப் பெறுவர். அந்த 695 பேரில் 30 பேர், அதாவது நூற்றுக்கு நான்குக்கு மேல், டெங்கோடுதான் வீடு திரும்புவர். என்.எஸ்.1 என்ற டெங்குப் பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பிடிக்கும். பிந்திச் செய்தால் தப்புவோர் தொகை கூடும். விடை ‘இல்லை’ என்று வந்த பிறகும் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

தோமஸ் பேய்ஸ் 1761 இல் காலமானார். அவருடைய கட்டுரையை அவர் நண்பர் ரிச்சர்ட் பிறைஸ் 1763 இல் வெளிவரச் செய்தார். பின்னர் பிரான்சில் லாப்லாஸ் அதே கருத்தைத் தாமாகவே கண்டு விரிவாக வளர்த்தார். பரீட்சையிலும் முதலில் 1,000 பேரை எழுதிவிட்டுப் பிறகு சூத்திரத்துக்குப் போங்கள். விடை பிழைத்தால் உடனே தெரிந்துவிடும்.

பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

*கேள்வி: 400 பேரிடம் ஆய்வு செய்ததில் 120 பேர் ‘ஆம்’ என்றனர். 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 25.5 முதல் 34.5 சதவீதம் வரை என்று வந்தது. உண்மை அதற்குள் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று அறிக்கையில் எழுதலாமா?*

பதில்: எழுதக் கூடாது. 1937 இல் நெய்மன் என்ற புள்ளிவிபரவியலாளர் வகுத்த பொருளின்படி, 95 என்பது முறைக்கு உரிய எண்: இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஆயிடை கட்டினால் நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஆயிடைகள் உண்மையை உள்ளடக்கும். கையிலுள்ள இந்த ஓர் ஆயிடையைப் பற்றி நிகழ்தகவு சொல்ல விரும்பினால், மேலே மாணவிக்குச் சொன்னதைப் போல முன்னறிவு ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அது வேறு வழி, அதுவும் நல்ல வழியே.

இதைவிட முக்கியமானது நீங்கள் கடிதத்தின் அடியில் எழுதியிருப்பது: அந்த 400 பேரையும் யாழ். பேருந்து நிலையத்தில் கண்டீர்கள். அவ்வாறானால் மோட்டார்ச் சைக்கிளில் போவோர், வீட்டிலிருக்கும் முதியோர், தீவுப்பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வருவோர் ஆகியோர் உங்கள் மாதிரியில் குறைந்திருப்பர். ஆயிடையின் 4.5 சதவீத அரை அகலம் எழுமாற்றுத் தேர்வினால் வரும் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. அதே இடத்தில் 4,000 பேரைக் கேட்டால் அந்த அரை அகலம் 1.4 ஆகக் குறையும். பக்கச்சாய்வு அப்படியே நிற்கும். பிழையான இடத்தைச் சுற்றி ஒடுங்கிய ஆயிடை, அகன்ற ஆயிடையைவிடத் தீமையானது.

வாசிகசாலை உறுப்பினர், வலிகாமம்

*கேள்வி: எங்கள் ஊரில் 20 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தோம். நைத்திரேற்று எதிலும் எல்லையைத் தாண்டவில்லை. ஊர் நீர் பாதுகாப்பானது என்று அறிவிக்கலாமா?*

பதில்: நல்ல செய்திதான், ஆனால் அறிவிப்பின் வாசகம் மாற வேண்டும். எதுவும் அகப்படாத வேளைக்கென்று எளிய விதி ஒன்று உண்டு. ஹான்லி, லிப்மன்-ஹான்ட் ஆகிய இருவர் 1983 இல் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையின் பின் அது பரவலாக அறியப்பட்டது. சோதித்த எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால், உண்மை வீதத்துக்கு 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லத்தக்க மேலெல்லை கிடைக்கும். 3 ஐ 20 ஆல் வகுத்தால் 15 சதவீதம். நுணுக்கமாகக் கணித்தால் 14 சதவீதம். அதாவது, ஊர்க் கிணறுகளில் ஏழில் ஒன்று எல்லையைத் தாண்டியிருந்தாலும், 20 கிணறுகளில் ஒன்றுகூட அகப்படாமல் போயிருக்கலாம். 60 கிணறுகளைச் சோதித்து எதுவும் அகப்படாவிட்டால் மேலெல்லை 5 சதவீதமாகும்.

இது கிணறுகளை எழுமாறாகத் தெரிவுசெய்திருந்தால் மட்டுமே பொருந்தும். உறுப்பினர்களின் வீட்டுக் கிணறுகளை மட்டும் எடுத்தீர்களா, தோட்டக் கிணறுகளையும் எடுத்தீர்களா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உரமிட்டுப் பயிரிடும் செம்மண் நிலத்தில் நைத்திரேற்று கூடுவதற்குக் காரணம் அதிகம். மலசலகூடக் குழிக்கு அருகிலுள்ள கிணறுகளுக்கும் அப்படியே. நம் நிலத்துக்கு அடியிலுள்ளது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதனூடாக நீர் விரைவாகக் கலப்பதால், ஒரே ஒழுங்கையிலுள்ள நான்கு கிணறுகள் ஏறத்தாழ ஒரே செய்தியையே சொல்லக்கூடும். அப்படியானால் உங்கள் 20 என்பது உண்மையில் எட்டோ பத்தோதான். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உங்கள் முடிவுகளில் 46 உம் 48 உம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அளவீட்டிலும் சிறிது ஏற்ற இறக்கம் உண்டு என்பதால், 48 ஐயும் 51 ஐயும் இரண்டு வேறு உலகங்களாகக் கருதக் கூடாது. ‘தாண்டவில்லை’ என்று ஒரே சொல்லில் அடக்காமல், 20 எண்களையும் அப்படியே பலகையில் எழுதிவையுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கிணறு என்பதும் அருகில் இருக்கட்டும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டினர், குழந்தைக்கே இதனால் ஆபத்து அதிகம் என்பதை அறிந்து, 48 ஐக் கண்டதும் தாமாகவே வேறு நீர் தேடுவர். அவர்களுக்கு அந்த வாய்ப்பை ‘பாதுகாப்பானது’ என்ற சொல் இல்லாமற் செய்துவிடும்.

தரவுப் பகுப்பாய்வாளர், யாழ்ப்பாணம்

*கேள்வி: கடன் வழங்கும் ஒரு சங்கத்துக்காக, தவணை தவறக்கூடிய உறுப்பினர்களை எதிர்வுகூறும் மாதிரியுரு ஒன்றைச் செய்திருக்கிறேன். ஓர் உறுப்பினர் தவறும் நிகழ்தகவு 0.7 என்று அது காட்டுகிறது. முகாமையாளர் ‘தம்பி, ஆமா இல்லையா என்று சொல்லும்’ என்கிறார். 0.5 க்கு மேல் எல்லாவற்றையும் ‘ஆம்’ ஆக்கிக் கொடுத்துவிடலாமா?*

பதில்: கொடுக்காதீர்கள். 0.51 ஐயும் 0.97 ஐயும் ஒரே சொல்லாக்கினால், நீங்கள் உழைத்துத் திரட்டிய அறிவில் பெரும்பகுதியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். முகாமையாளருக்கு வேண்டியது ‘ஆம், இல்லை’ அன்று. யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்ற முடிவு. ஓர் அலுவலரை வீட்டுக்கு அனுப்ப 600 ரூபா, தவணை தவறினால் நட்டம் 6,000 ரூபா, போய்ப் பார்ப்பதால் தவறவிருந்தோரில் பாதிப்பேர் கட்டிவிடுவர் என்று வைத்தால், 0.2 க்கு மேற்பட்ட எவரையும் போய்ப் பார்ப்பது இலாபம். எல்லைக்கோடு 0.5 இல் இல்லை என்பதை இந்த மூன்று எண்களைக் கேட்டுவாங்கி அவருக்குக் காட்டுங்கள்; அந்த எண்களைத் தரவேண்டியவர் அவரே.

அதற்கு முன் உங்கள் 0.7 உண்மையில் 0.7 தானா என்று பார்க்க வேண்டும். மாதிரியுரு காணாத பழைய பதிவுகளில் 0.7 ஐ ஒட்டி வந்த 40 பேரை எடுத்தால், 28 பேர் தவறியிருக்க வேண்டும். நியம விலகல் 3 க்குச் சற்றுக் குறைவு, ஆகவே 22 முதல் 34 வரை எதுவும் வியப்பன்று. 15 என்று வந்தால் மாதிரியுரு மிகைப்படுத்துகிறது. முழு மாதிரியுருவுக்கும் ஒரு மதிப்பெண் வேண்டுமானால், கிளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950 இல் முன்வைத்த அளவு இருக்கிறது: சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைச் சராசரியாக்குவது, குறைவானது நல்லது. உண்மை வாய்ப்பு 0.7 ஆக இருக்கும்போது 0.7 என்றே சொன்னால் எதிர்பார்க்கும் மதிப்பெண் 0.21, முகாமையாளரை மகிழ்விக்க 1 என்று சொன்னால் 0.3. நினைத்ததை நினைத்தபடி சொல்பவருக்கே மிகச் சிறந்த மதிப்பெண் கிடைக்கும்படி அமைந்த அளவு அது. அதனால்தான் எனக்கு அதில் பெருமதிப்பு.

பொருளாதார நெருக்கடிக்கு முற்பட்ட தரவில் பயிற்றிய மாதிரியுருவை, 2022 க்குப் பிந்திய உறுப்பினர்களுக்கு அப்படியே பயன்படுத்துவதாக எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. மண்ணெண்ணெய், உரம், உணவு எல்லாவற்றின் விலையும் மாறிய பிறகு, பழைய 0.3 புதிய 0.3 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைசி ஆறு மாதப் பதிவில் மேற்சொன்ன சோதனையைச் செய்யாமல் அதைச் சங்கத்திடம் கையளிக்க வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கடன் மறுக்கப்படக்கூடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலணை

*கேள்வி: பிரதேச வரலாறு ஒன்றை எழுதுகிறேன். யாழ். மாவட்டத்தின் 1981, 2012 குடிசன மதிப்பீட்டு எண்கள் உள்ளன. இடையில் எதுவும் இல்லை. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து இடைப்பட்ட ஆண்டுகளுக்கு எண் எழுதலாம் என்று என் மகன் கணினியில் செய்து தந்தார். சரியா?*

பதில்: ஐயா, எழுத வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 1991 இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது, யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. ஆகவே 31 ஆண்டுகள் வெறுமையாக உள்ளன. அந்த வெறுமை தற்செயலாக விழுந்ததன்று; எந்தப் போர் மக்களை இடம்பெயர்த்ததோ அதே போர்தான் அவர்களை எண்ணவிடாமலும் செய்தது. தரவு இல்லாமற் போன காரணமும் நாம் அளக்க விரும்பும் மாற்றமும் ஒன்றாக இருக்கும்போது, இருக்கும் எண்களை வைத்து இல்லாதவற்றை நிரப்புவதுபோல் ஆபத்தான வேலை புள்ளிவிபரவியலில் வேறில்லை.

முதலில் தொடக்க எண்ணைச் சரிபாருங்கள். 1981 இல் யாழ். மாவட்டத்துக்கு 830,552 என்று இருப்பது கிளிநொச்சியையும் சேர்த்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். இன்றைய எல்லைக்கு உரிய எண் 738,788. 2012 இல் 583,882. எல்லையைக் கவனிக்காமல் கழித்தால் வீழ்ச்சி 246,670 என்று வரும். கவனித்துக் கழித்தால் 154,906.

சரியான இரண்டு எண்களை இணைத்தாலும், கோடு ஆண்டுக்கு 5,000 பேர் ஒழுங்காகக் குறைந்தார்கள் என்று கூறும்; 1995 இன் இறுதிக்கு ஏறத்தாழ 665,000 என்று எண் தரும். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அடுத்த சில மாதங்களுக்கு வலிகாமம் ஏறத்தாழ ஆளற்றிருந்தது; 1996 இன் முற்பாதியில் பெருந்தொகையானோர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. கோட்டில் இது எதுவும் இல்லை. கணினி தந்த எண் ஆறு இலக்கங்களோடு நிற்பதால், அது எண்ணப்பட்டது என்றே உங்கள் நூலைப் படிக்கும் அடுத்த தலைமுறை நம்பும்.

வரைபடத்தில் 1981 ஐயும் 2012 ஐயும் மட்டும் அழுத்தமான புள்ளிகளாக இடுங்கள். இடையே கோடு வேண்டாம். 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் நிலைக்குத்தான குறிகளை இட்டு நிகழ்வை எழுதுங்கள். வேலணைக்கு உங்களால் வேறு சான்றுகளைத் தேட முடியும்: பாடசாலை வரவுப் பதிவேடுகள், பிறப்புப் பதிவுகள், தேவாலயத் திருமுழுக்குப் பதிவுகள், நிவாரண அட்டைக் கணக்குகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். நிவாரணக் கணக்கில் தொகை கூடியிருக்கக்கூடும். வாக்காளர் இடாப்பில் ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர் நீண்டகாலம் நின்றிருக்கும். பாடசாலைப் பதிவேடு குழந்தையில்லாத வீடுகளைக் காணாது. மூன்று சான்றுகளை வைத்து ஓர் ஆண்டின் சனத்தொகை 6,000 க்கும் 9,000 க்கும் இடையில் என்று வந்தால், 7,500 என்று எழுதாமல் இரண்டு எல்லைகளையும் எழுதி, எந்தச் சான்று எந்த எல்லையைத் தந்தது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். எந்தச் சான்றும் கிடைக்காத ஆண்டுகளுக்கு அட்டவணையில் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘எண்ணப்படவில்லை’ என்று எழுதுங்கள்.